வால்வு சத்தம் போடாத பத்தொன்பது நாட்கள்

குடிநீர் நிலையத்தில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலரிலிருந்து என்ஜினியர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் பாம்புக்காது. சிலர் முகத்துக்கு நேரே சொல்வார்கள், சிலர் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். இரண்டையும் அவர் கேட்டுவிடுவார் என்பதுதான் அந்தப் பெயரின் பெருமை. இருபத்தாறு வருடமாக ஒரே வால்வைக் கட்டி அழுத ஆபரேட்டர் அவர். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் பாக்கி இருந்தது.

அந்த வால்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் இந்த மனிதரைப் புரியாது. மேட்டில் இருக்கிற பெரிய நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் ஊருக்கு இறங்குகிறது. அதை அப்படியே விட்டால் ஊரில் ஒரு குழாய் மிஞ்சாது. அதனால் வழியில் ஒரு அறை கட்டி, ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமனுள்ள குழாயில் வால்வு வைத்து, தண்ணீரின் கழுத்தை நெரித்து, திமிரை அடக்கித்தான் கீழே அனுப்புகிறார்கள். வால்வு எப்போதும் கால் பங்குதான் திறந்திருக்கும். கழுத்தை நெரித்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? தண்ணீரும் கத்தும். லாரியிலிருந்து ஜல்லியைச் சரிக்கிற மாதிரி ஓயாத ஒரு கரகரப்பு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் குழாய்க்குள் கல் போகிறது என்று அடித்துச் சொல்வார்கள். கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. எல்லாம் வெறும் தண்ணீர் செய்கிற கூத்து.

பல வருடங்களுக்கு முன் ஒரு காலையில் அவர், "சத்தம் நேத்து மாதிரி இல்ல. வால்வைப் பிரிச்சுப் பாக்கணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் லேசில் விடுகிற ஆளில்லை. மூன்று நாள் நச்சரித்து, பிரிக்க வைத்தார். உள்ளே இருந்த இரும்பு, செல்லரித்த கட்டை மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது. சிரித்தவர்களெல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் அவர் பாம்புக்காது ஆனார். அப்போது இருந்த என்ஜினியர் ஷிப்ட் நோட்டை வாங்கி, நேரம், அழுத்தம், ஓட்டம் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார். அதன் தலையில் 'சத்தம்' என்று எழுதினார். வேறு எந்த நிலையத்திலும் இப்படி ஒரு கட்டம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கென்று ஒரு கம்பி இருந்தது. கை நீளத்துக்கு இரும்பு. ஒரு முனை தட்டை, மறுமுனையில் மரக்குமிழ். தட்டை முனையை வால்வின் மேல் ஊன்றி, குமிழைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பக்கத்துக் கூடத்தில் பம்புகள் எவ்வளவு இரைந்தாலும் கம்பி வழியாக வருவது வால்வின் குரல் மட்டும்தான். அந்த ஒரு நிமிடம் அறையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு அவர் பேனாவை எடுத்து, பெரும்பாலும் 'வழக்கம் போல்' என்று எழுதுவார். அந்த இரண்டு சொல்லை நம்பித்தான் மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் ஊரின் பள்ளமான பகுதிக்கென்று கட்டிய புதுத் தொட்டியைத் திறந்தார்கள். நல்ல காரியம்தான். இத்தனை நாள் குடத்தோடு அலைந்த தெருக்களுக்கெல்லாம் தண்ணீர் போயிற்று. மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு வந்து கம்பியை ஊன்றியவருக்கு ஜல்லிச் சத்தம் கேட்கவில்லை. இடம் மாற்றி ஊன்றினார். குமிழைத் துடைத்துவிட்டு வைத்தார். வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினார். எங்கோ தூரத்தில் யாரோ துணி அலசுகிற மாதிரி ஒன்று. அதுகூடக் கேட்டதா, மனப்பிரமையா என்று சொல்ல முடியவில்லை.

வேறு ஆளாக இருந்தால் வால்வுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்திருப்பார். இவருக்கு அந்த நினைப்பே வரவில்லை. ஏனென்றால் இரண்டு வருடமாக அவர் ஒரு பயத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தார். ஊரே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது அவருக்கு. கடைக்காரர் முணுமுணுத்தார், பஸ்ஸில் நடத்துனர் முணுமுணுத்தார், செய்தி வாசிக்கிறவர்கள்கூட வாய்க்குள்ளேயே வாசித்தார்கள். போன் அடித்தால், "ஏன் எடுக்கலை?" என்று யாராவது வந்து கேட்ட பிறகுதான் அடித்ததே தெரியும். காதில் ஏதோ குறை என்று புத்திக்கு எட்டியிருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனுஷனுக்கு வாய் வரவில்லை.

வீட்டில் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தது மனைவியால்தான். அந்த அம்மாள் வேலை பார்ப்பது தையல் ஷெட்டில். நாற்பது மெஷின் ஒன்றாக ஓடுகிற இடம். அங்கே பக்கத்தில் இருப்பவளிடம் பேசவே கையாலும் உதட்டாலும் ஜாடை காட்ட வேண்டும், இல்லையென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரலில்தான் பேசுவார். முகத்துக்கு நேரே சொன்னால் இவருக்கு முக்கால்வாசி புரிந்துவிடும். அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு சொல்வதற்கு மட்டும் இவர் ஒரு உபாயம் வைத்திருந்தார். சொல்லி முடித்த இடைவெளியில் தலையை ஆட்டி, "சரி, பாத்துக்கலாம்" என்று போட்டுவிடுவார். உலகத்தில் எதற்கும் பொருந்துகிற பதில் அது. இரண்டு வருடம் அதை வைத்தே குடித்தனம் ஓடியது என்றால் நம்ப மாட்டீர்கள்.

அடுத்த மாதம் மருத்துவப் பரிசோதனை. முன்பெல்லாம் டாக்டர் பின்னால் நின்று ஏதாவது இரண்டு எண்ணைச் சொல்வார், இவர் குத்துமதிப்பாகச் சொல்லித் தப்பிப்பார். இந்த முறை காதில் மாட்டுகிற கருவி வருகிறதாம். தேறாவிட்டால் வால்வு அறையிலிருந்து மாற்றி வாசலில் உட்கார வைத்துவிடுவார்கள். வாசலில் உட்காருவதுகூடப் பெரிதில்லை. பாம்புக்காதுக்குக் காது கேட்கவில்லை என்று நிலையம் முழுக்க மூன்று வருடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களே, அதை நினைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே அன்று காலையில் ஷிப்ட் நோட்டை விரித்து, கேட்காத சத்தத்துக்கு எதிரே 'வழக்கம் போல்' என்று எழுதினார். பேனா ஒரு நொடி நின்றது. பிறகு எழுதிவிட்டது.

அதற்கப்புறம் அவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுமானால் தனியாக ஒரு நாள் வேண்டும். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டு குளியலறையில் நின்றார். சமையலறையில் கரண்டியைக் கீழே போட்டுப் பார்த்தார், மனைவி வந்து, "கை நடுங்குதா என்ன?" என்று கேட்டதுதான் மிச்சம். காது டாக்டர் இருக்கிற தெருவுக்கு இரண்டு முறை போனார். படி வரைக்கும் போய், உள்ளே நிலையத்து ஆள் யாராவது உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று பயந்து, எதிர்க் கடையில் பிளேடு வாங்கிக்கொண்டு திரும்பினார். ஒரே வாரத்தில் வீட்டில் இரண்டு மாதத்துக்கான பிளேடு சேர்ந்துவிட்டது.

ஒரு வழி மட்டும் இருந்தது. மதிய ஷிப்டுக்கு வருகிற ஆபரேட்டருக்கு மீசை என்று பெயர். முகத்தில் வேறு எதுவும் கண்ணில் படாது. அவரும் தினம் கம்பியை வைத்துக் கேட்க வேண்டியவர்தான். ஒரு நாள் ஷிப்ட் மாறும்போது இவர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.

"தம்பி, வால்வு சத்தம் இப்ப எப்படி இருக்கு உனக்கு?"

"எனக்கு என்னண்ணே தெரியும்? நீங்க என்ன எழுதியிருக்கீங்களோ அதையே நானும் எழுதிடுவேன். பாம்புக்காது கேட்டதுக்கு மேல நான் என்னத்தக் கேக்கப் போறேன்?"

"கம்பிய வச்சுக் கேக்கறதே இல்லையா?"

"ஆரம்பத்துல கேட்டேன். உங்கள மாதிரி ஒண்ணும் புரியல. அதான் விட்டுட்டேன். நைட் ஷிப்ட்காரரும் அப்படித்தான்."

மீசை இதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். இவருக்கோ யாரோ பிடரியில் அடித்த மாதிரி இருந்தது. அப்படியானால் இந்த வால்வை இப்போது யாருமே கேட்கவில்லை. மூன்று ஷிப்டிலும் ஒரே வாசகம், மூன்றும் ஒரே பொய்.

பதினைந்தாம் நாள், பதினாறாம் நாள் என்று எண்ணிக்கொண்டே போனார். ஒவ்வொரு நாளும் 'வழக்கம் போல்' எழுதுவது சுலபமாகத்தானே ஆக வேண்டும்? ஆகவில்லை. நாளுக்கு நாள் கனத்தது. நாளைக்கு உண்மையைச் சொல்லலாம் என்றால், நேற்று வரைக்கும் எழுதியதற்கு என்ன பதில் சொல்வது? அந்த முடிச்சில் மாட்டிக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் ஒரு யோசனை வந்தது. தையல் ஷெட்டும் நிலையமும் அடுத்தடுத்த வளாகம். நடுவில் ஒரே ஒரு சுவர். காலையில் சாப்பாட்டு டப்பாவை வேண்டுமென்றே மனைவியின் பையில் வைத்துவிட்டுக் கிளம்பினார். பன்னிரண்டரைக்கு ஷெட்டில் சாப்பாட்டு இடைவேளை, அரை மணி நேரம். எதிர்பார்த்தபடியே அந்த அம்மாள் வாசலைச் சுற்றிக்கொண்டு, டப்பாவும் கையுமாக, வால்வு அறை வாசலில் வந்து நின்றார்.

"வயசானா மறதி வரும்னு தெரியும். வயித்த மறக்கற ஆள இப்பதான் பாக்கறேன்."

"வந்ததுதான் வந்த, ஒரு வேல செய். இந்தக் கம்பிய காதுல வச்சு, என்ன கேக்குதுன்னு சொல்லு."

"எதுக்கு?"

"சும்மாதான். நான் தினமும் என்ன வேல செய்யறேன்னு நீ பாத்ததே இல்லையே."

இருபத்தாறு வருடத்தில் வராத அன்பு திடீரென்று ஏன் வருகிறது என்ற சந்தேகம் அந்த அம்மாளுக்கு வராமல் இல்லை. ஆனாலும் கம்பியை வாங்கி, அவர் காட்டிய இடத்தில் ஊன்றி, குமிழைக் காதில் வைத்தார். இவர் மூச்சை அடக்கிக்கொண்டு மனைவியின் முகத்தையே பார்த்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

"ஒண்ணும் பெருசா இல்லையே. குழாயில தண்ணி போற மாதிரி ஒரு இரைச்சல். அவ்வளவுதான்."

"ஜல்லி கொட்டற மாதிரி? கரகரன்னு?"

"அதெல்லாம் இல்லங்க. சாதுவாத்தான் போகுது."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியானால் வால்வு நிஜமாகவே அமைதியாகிவிட்டது. தன் காதில் பழுதில்லை. பத்தொன்பது நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறை இறங்கியது. மனைவியின் கையைப் பிடித்து ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஆபரேட்டர் புத்தி விழித்துக்கொண்டது. வால்வு திறப்பு மாறவில்லை. தண்ணீரின் வேகம் குறையவில்லை. வால்வைத் தாண்டி ஊர்ப் பக்கம் இருக்கிற அழுத்த மீட்டரில் முள் மட்டும், புதுத் தொட்டி திறந்ததிலிருந்து, இரண்டு கோடு கீழே இறங்கி நின்றது. அதாவது வால்வு முன்னைவிட அதிகமாகக் கழுத்தை நெரிக்கிறது. அதிகம் நெரித்தால் அதிகம் கத்த வேண்டும். இது ஏன் சாதுவாகப் போகிறது? அந்தச் சத்தம் எங்கேதான் போய்த் தொலைந்தது?

கம்பியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வால்வு அறையைத் தாண்டியதும் குழாய் கான்கிரீட் கட்டைகளின் மேல் படுத்து, சுவரை ஒட்டி ஓடி, நாலாவது கட்டையில் வளைந்து மண்ணுக்குள் இறங்குகிறது. பம்புக் கூடத்தின் காற்றாடிகள் அந்தப் பக்கமாகத்தான் இரைந்துகொண்டிருக்கும். கம்பி இல்லாமல் அங்கே எதுவும் கேட்காது. முதல் கட்டையில் ஊன்றினார். ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று, ஒன்றுமில்லை. நாலாவது வளைவில் ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அங்கேயும் ஒன்றுமில்லை. பாழாய்ப்போன பயம், எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பின்னாலேயே வந்த மனைவிக்குக் கம்பி பிடித்துப்போயிருந்தது. "குடுங்க, இங்க எப்படி இருக்குன்னு பாக்கறேன்" என்று வாங்கி வளைவில் ஊன்றினார். குமிழைக் காதில் வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

"அம்மாடி, காதுல கல்ல விட்டு அடிச்ச மாதிரி இருக்கு."

"எங்க?"

"இங்கதாங்க. இதுல போய் ஒண்ணும் கேக்கலன்னு நிக்கறீங்க? ஜல்லி ஜல்லியாக் கொட்டுது."

அவர் கம்பியைப் பிடுங்கி வலது காதில் வைத்தார். இடது காதில் வைத்தார். அவருடைய உலகம் அமைதியாக இருந்தது. கையில் மட்டும் இரும்பு மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. அப்போது புரிந்தது. வால்வு அமைதியானது நிஜம், அவர் காது போனதும் நிஜம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மனைவி சுவரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். பிறகு அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"இதத்தானே போன வியாழக்கிழம உங்ககிட்ட சொன்னேன். மெஷின எல்லாம் நிறுத்தினப்புறமும் ஷெட் சுவத்துல என்னமோ கரகரன்னு ஓடுது, உங்க குழாயா பாருங்கன்னு. நீங்க கூட பாத்துக்கலாம்னீங்களே."

இவர் கம்பியை இறக்கிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"நானும் ஷெட்ல போய், எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், அவர் பாத்துக்குவாருன்னு சொன்னேன். சுவரு சில்லுனு இருக்கறதால அங்கதான் எல்லாரும் சாய்ஞ்சு உக்காந்து சாப்பிடுவோம். இப்பவும் அங்கதான் இருக்காங்க."

சுவருக்கு இந்தப் பக்கம் ஜல்லியாய் அடிக்கிற குழாய். அந்தப் பக்கம் நாற்பது முதுகு. நடுவில் ஒரு செங்கல் கனம். நாற்பது பேரும் அவருடைய தலையாட்டலை நம்பி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஓடு" என்றார். "எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போ. சாப்பாட்ட விட்டுட்டு வரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

அந்த அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலைச் சுற்றி ஓடினார். இவர் வால்வு அறைக்கு ஓடி என்ஜினியருக்குப் போன் போட்டார். சின்ன வயதுப் பெண் அவர், நிலையத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. போனை எடுத்தாரா இல்லையா என்பதே இவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. திரையில் நேரம் ஓட ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"மேடம், வால்வு தாண்டி நாலாவது வளைவுல சத்தம் பலமா இருக்கு. குழாய் எப்ப வேணாலும் போகலாம். தையல் ஷெட் பக்கம். நான் வால்வை மூட ஆரம்பிக்கறேன். நீங்க பதில் சொன்னா எனக்குக் கேக்காது மேடம். எனக்குக் காது கேக்கல. வந்துடுங்க."

இரண்டு வருடம் மறைத்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனைப் பெஞ்சில் வைத்தார். அது தன்பாட்டுக்கு ஏதோ பேசிக்கொண்டிருந்தது.

கால் பங்கு திறப்பை முழுக்க மூட முப்பத்தெட்டு சுற்று. அவசரப்பட்டுச் சுற்றினால் மேலிருந்து ஓடி வருகிற தண்ணீர் முட்டிக்கொண்டு மொத்தக் குழாயும் ஒரு குலுக்குக் குலுக்கும். அந்த ஒரு குலுக்கல் போதும், வளைவு விட்டுவிடும். மெதுவாகச் சுற்றினால் நெரிகிற நேரம் முழுக்க வளைவு கூடுதலாக அடி வாங்கும். வேகமும் ஆபத்து, நிதானமும் ஆபத்து. அவர் ஒரு சுற்றுக்கு மூன்று மூச்சு என்று வைத்துக்கொண்டார். மூச்சு அவர் பேச்சைக் கேட்கவில்லை.

பத்து சுற்று. அந்தப் பக்கம் பெண்கள் எழுந்தார்களா? கேட்கவில்லை. பதினைந்து. மனைவி சுவர்ப் பக்கமே நின்று கத்திக்கொண்டிருக்கிறாளா? கேட்கவில்லை. குழாய் இந்நேரம் வெடித்திருந்தாலும் கால் நனைந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாகக் காதை வைத்துப் பிழைத்த மனிதர், கண்ணை மீட்டர் முள்ளிலும் காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினார். கை வியர்த்து வழுக்கியது. சட்டையைக் கழற்றிச் சக்கரத்தின் மேல் போட்டுக்கொண்டு சுற்றினார். இருபத்தொன்றா, இருபத்திரண்டா என்று ஒரு முறை எண்ணிக்கை தவறியபோது வாய்விட்டு அழுதுவிட்டார். கடவுளே என்றுகூடச் சொல்லவில்லை, மனைவியைத்தான் கூப்பிட்டார்.

முப்பதாவது சுற்றில் வாசலில் நிழல் விழுந்தது. மனைவி. மூச்சு வாங்கியதில் பேச முடியவில்லை. ஷெட்டில் பேசிக்கொள்கிற மாதிரி கையாலேயே சொன்னார். நாலு விரலை நீட்டி, அப்புறம் கட்டை விரலும் சுட்டு விரலும் சேர்த்து வட்டம் காட்டினார். நாற்பது. பிறகு கையை விசிறி வெளியே என்றார். பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கதவு நிலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இவர் மிச்சம் எட்டுச் சுற்றையும் அதே மூன்று மூச்சுக் கணக்கில் சுற்றி முடித்தார்.

குழாயை வெட்டிப் பார்த்தது மறுநாள். வளைவின் உள்பக்கச் சுவர் முழுக்க எறும்புப் புற்று மாதிரி அரித்துக் கிடந்தது. என்ஜினியர் ஸ்குரூ டிரைவரை ஒரு இடத்தில் வைத்து விரலால் அழுத்தினார். தகர டப்பா மூடியில் இறங்குகிற மாதிரி அது மறுபக்கம் வந்தது.

என்ஜினியர்தான் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னார். தண்ணீர் இடுக்கில் நெரிபடும்போது அழுத்தம் ஒரேயடியாக விழுந்து, அடுப்பில் வைக்காமலேயே கொதிக்கிற மாதிரி குமிழி கிளம்புகிறது. தாண்டிப் போய் அழுத்தம் திரும்பியதும் அத்தனை குமிழியும் நசுங்குகிறது. ஒவ்வொரு நசுக்கலும் இரும்பில் ஒரு சுத்தியல் அடி. அதுதான் ஜல்லிச் சத்தம். முன்பு குமிழிகள் வால்வுக்குள்ளேயே நசுங்கின. பள்ளத்தில் தொட்டி திறந்ததும் வால்வுக்கு ஊர்ப் பக்கத்து அழுத்தம் குறைந்தது. குமிழிகள் உடனே சாகாமல் நீளமாக ஓடி, வளைவுக்குப் போய்ச் செத்தன. வால்வில் சத்தம் குறைந்ததற்கு அதுதான் காரணம்.

"சத்தம் குறைஞ்சா நல்லதுன்னுதானே மேடம் நெனப்போம்" என்றார் மீசை.

"சத்தம் குறைஞ்சதுன்னு தெரிஞ்சிருந்தா நான் அன்னிக்கே வந்து பாத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு என்ஜினியர் ஷிப்ட் நோட்டைப் புரட்டினார். பத்தொன்பது நாள். நாளுக்கு மூன்று ஷிப்ட். விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினார். 'வழக்கம் போல்', 'வழக்கம் போல்', 'வழக்கம் போல்'. நோட்டை மூடிவிட்டு இவரைப் பார்த்தார். கோபம் இருந்தது. அதைவிடப் பெரிதாக வேறு ஒன்றும் இருந்தது.

"அண்ணா, ஒவ்வொரு வாரமும் இந்தக் கட்டத்தப் பாத்துட்டுத்தான் அந்தத் தொட்டிக்கு இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு திறந்து விட்டேன். மீட்டர் முள்ளு இறங்கினதக்கூட நான் பெருசா எடுத்துக்கல. சத்தம் மாறியிருந்தா நீங்க எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நேர்ல சொன்னதால எல்லாம் கேட்டுது மேடம்" என்றார் அவர். "தப்பு என்னுதுதான்." பிறகு நோட்டை வாங்கி, மூடிக் கிடந்த வால்வுக்கு எதிரே அன்றைய தேதியில் சத்தம் கட்டத்தில் எழுதினார்: 'பத்தொன்பது நாளாக எனக்குக் கேட்கவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டார். அந்த நோட்டில் அவருடைய சொந்தப் பெயரை நிலையத்துக்காரர்கள் பலர் அன்றுதான் முதன்முதலாகப் படித்தார்கள்.

விசாரணை வைத்தார்கள், எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், வாசலுக்கு மாற்றினார்கள். புதுத் தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வால்வு வைத்து, நெரிக்கிற வேலையை இரண்டாகப் பங்கு போட்டார்கள். மீசை இப்போது தினமும் மூன்று வேளை கம்பியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பாம்புக்காது என்ற பெயர் மட்டும் இவரை விட்டுப் போகவில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்கிறவர்கள் இப்போது தாராளமாகச் சொல்கிறார்கள்.

குழாயை வெட்டிய அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மனைவி அடுப்புக்கு எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஏதோ சொன்னார். வழக்கமான இடைவெளி வந்தது. அவருடைய தலை தானாக ஆடக் கிளம்பியது. அதை அவர் பிடித்து நிறுத்தினார்.

"கேக்கல" என்றார். "என்ன சொன்ன?"

அடுப்பை அணைத்துவிட்டு அந்த அம்மாள் வந்து எதிரே உட்கார்ந்தார். பிறகு, கத்தாமல், உதடு தெரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"ஷெட்ல எல்லாரும் உங்களக் கும்பிடறாங்க. பாம்புக்காது கேட்டதாலதான் நாம உயிரோட இருக்கோம்னு பேசிக்கறாங்க. நான் எதுவும் மாத்திச் சொல்லல. அப்படியே விட்டுடட்டுமா?"

அவர் கையை மேஜை மேல் வைத்தார். அந்தக் கம்பியில் உணர்ந்த அதிர்வு இன்னும் உள்ளங்கையில் இருக்கிற மாதிரி தோன்றியது. விட்டுவிடு என்று சொல்ல அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

"வேண்டாம்" என்றார். "கேட்டது நீதான்னு சொல்லு. நீ ஒரு தடவ என்கிட்ட சொன்னதையும் சொல்லு. நாளைக்கே சொல்லிடு."